பயண இரத்த உறைவும் விமானப் பயணிகளுக்கான மருத்துவ அறிவுரையும்

நெடுந்தூரப் பயணத்தின்போதோ அதன்பின் சில வாரங்களுக்குள்ளோ காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாவது பயண இரத்த உறைவு எனப்படும். அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. விமானப் பயணிகளுக்குச் சொல்லப்படும் மருத்துவ அறிவுரைகளுள் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் திரிந்துபோனதும் இதைப் பற்றியவையே.

வரலாறு

இந்நோயின் வரலாறு விமானத்தில் தொடங்கவில்லை. 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சிய லண்டன் மக்கள் பதுங்கிடங்களில் இரவுகளைக் கழித்தனர். படுக்க இடமின்றிப் பலரும் கான்வாஸ் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினர். அவர்களுள் சிலர் திடீரென இறந்தனர். தடயவியல் மருத்துவர் கீத் சிம்ப்சன் இச்சாவுகளை ஆராய்ந்தார். நுரையீரல் அடைப்பால் நேர்ந்த மரணங்கள் முந்தைய ஆண்டைவிட ஆறு மடங்கு பெருகியிருப்பதாக ‘லான்செட்’ இதழில் எழுதினார். நாற்காலியின் முன்புற மரச்சட்டம் காலின் பின்பக்கத்தை அழுத்திச் சிரைகளை நெரித்தது என்பது அவர் கண்ட காரணம். நாற்காலியை எடுத்துவிட்டுப் படுக்கை போடுங்கள் என்பது அவர் சொன்ன பரிகாரம். இத்துறையின் முதல் அறிவுரை இதுதான். பின்னால் வந்தவற்றுள் பல இந்தத் தெளிவை எட்டவில்லை.

1954இல் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், நெடுநேரம் உட்கார்ந்திருந்ததால் ஆழ்சிரை உறைவுக்கு ஆளான ஐவரைப் பற்றி எழுதினார். அவர்களுள் ஒருவர் 14 மணி நேரம் விமானத்தில் பறந்த 54 வயது மருத்துவர். மற்றவர்களுள் காரில் சென்றவர்களும் நாடக அரங்கில் அமர்ந்திருந்தவரும் உண்டு. குற்றவாளி ஆகாயமல்ல, அசையாத கால்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1977இல் சைமிங்டன், ஸ்டாக் என்னும் இருவர் இந்நோய்க்கு ‘எக்கானமி கிளாஸ் சிண்ட்ரோம்’ (சிக்கன வகுப்பு நோய்க்குறி) என்ற பெயரைச் சூட்டினர். பத்திரிகைகளுக்கு அது இனித்தது. 2000 அக்டோபரில் சிட்னியிலிருந்து லண்டன் வந்திறங்கிய 28 வயதுப் பெண் ஒருவர் இந்நோயால் இறந்தபின் அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையின் அறிவியல் குழு, விமானப் பயணமும் உடல்நலமும் பற்றிய அறிக்கையை வெளியிட்டது.

ஆய்வுகள்

பாரிஸின் சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களைப் பற்றிய ஆய்வு 2001இல் வெளியானது. 10,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தவர்களில் பத்து லட்சத்துக்கு 4.8 பேருக்குக் கடுமையான நுரையீரல் அடைப்பு. 5,000 கிலோமீட்டருக்குக் குறைவாகப் பறந்தவர்களில் 0.01 பேருக்கே. 2003இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில் 878 பயணிகளுள் 9 பேருக்கு உறைவு காணப்பட்டது. அவர்களுள் இருவர் பிசினஸ் வகுப்பில் மட்டுமே பயணம் செய்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ‘ரைட்’ ஆய்வறிக்கையின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் ஆபத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டுகிறது. ஆயினும் உடல்நலமுள்ளவருக்கு ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவே. ரயில், பஸ், கார் எதுவானாலும் இதே கணக்குத்தான்.

உடற்பருமன், கருத்தடை மாத்திரை, உயரம் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். 190 செ.மீ.க்கு மேற்பட்டவரோடு 160 செ.மீ.க்குக் குறைந்தவரும் இப்பட்டியலில் உள்ளனர். குட்டையானவர்களின் கால் தரையில் சரியாக ஊன்றாததால் இருக்கை விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்துவது அவர்கள் இடம்பெறக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

அறிவுரைகள்

அவ்வப்போது எழுந்து நடத்தல், கெண்டைக்கால் தசையை இயக்குதல், நடைவழியோர இருக்கையைக் கேட்டு வாங்குதல் ஆகியவையே அடிப்படை. முன்பு உறைவு கண்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு முழங்கால்வரையிலான அழுத்தக் காலுறை பரிந்துரைக்கப்படுகிறது. அளவு பாதரச அழுத்தத்தில் 15 முதல் 30 மி.மீ. இதற்கென்று மட்டும் ஆஸ்பிரின் விழுங்குவது தேவையற்றது என்று அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2012இல் அறிவித்தது. நிறையத் தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தொடாதீர்கள் என்பவை பொதுவாக நல்ல யோசனைகள்தாம். ஆனால் உறைவைத் தடுக்கும் என்று அவற்றைச் சொல்வதற்கு ஆதாரமில்லை; சிக்கன வகுப்பின் மீது போட்ட பழிக்கும் இல்லை.

எச்சரிக்காத விமான நிறுவனங்கள் நட்டஈடு தர வேண்டும் என்று பயணிகள் தொடுத்த வழக்குகள் தோற்றன. விமான நிறுவனங்களின் நட்டஈட்டுப் பொறுப்பை வரையறுக்கும் 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கைப்படி உறைவு ஏற்படுவது ‘விபத்து’ ஆகாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையும் 2005இல் தீர்ப்பளித்தன.

பிற அறிவுரைகள்

ஒற்றைக் கரு என்றால் 36 வாரம், இரட்டை என்றால் 32 வாரம் வரை கர்ப்பிணிகளைப் பல நிறுவனங்கள் ஏற்றுகின்றன. ஸ்கூபா மூழ்கலுக்குப் பின் 12 முதல் 24 மணி நேரம் பறக்கலாகாது. இன்று இவை பெரும்பாலும் நிறுவனங்களின் இணையதளங்களில் கிடைக்கின்றன.