அச்சும் அரண்மனையும்

1969 ஏப்ரல் 29, பக்கிங்ஹாம் அரண்மனை. புதிய அமெரிக்கத் தூதர் வால்டர் அன்னன்பெர்க் நியமனப் பத்திரத்தை ராணியிடம் கொடுத்துவிட்டு நிற்கிறார். தூதரக இல்லத்தில்தான் தங்கியிருக்கிறீர்களா என்று ராணி கேட்கிறார். ஆமாம், வீட்டில் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, கொஞ்சம் சிரமம். இவ்வளவுதான் விஷயம். அன்னன்பெர்க்கோ கடினமான நீண்ட சொற்களாகக் கோத்து, சுற்றி வளைத்துச் சொன்னார். பிபிசி கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜூனில் அரச குடும்ப ஆவணப்படம் ஒளிபரப்பானதும் பிரிட்டனே சிரித்தது.

அவருக்குச் சிறுவயது முதலே திக்குவாய். வாய் தடுக்காமல் இருக்க வார்த்தைகளை முன்கூட்டியே அடுக்கிப் பேசுவார். அதைக் கேலி செய்தது கொடுமை.

ஆனால் அவரும் பிறரைக் காயப்படுத்தியவர்தான். தந்தை மோசஸ் குதிரைப் பந்தயத் தகவல் விற்றுப் பணம் சேர்த்தவர். 1936இல் 'பிலடெல்பியா இன்குவயரர்' நாளிதழை வாங்கினார். வரி ஏய்ப்பு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்று, 1942இல் வெளிவந்த சில வாரங்களிலேயே இறந்தார். மகன் வால்டர் மீதிருந்த வழக்கு கைவிடப்பட்டது. குடும்பப் பெயரில் படிந்த கறையோடு முதலாளியான வால்டர், 'செவன்டீன்', 'டிவி கைடு' என்று பெரும் வெற்றி கண்டார். பிடிக்காதவர்களின் பெயரே இன்குவயரரில் வராது. 1966 பென்சில்வேனியா ஆளுநர் தேர்தலில் வேட்பாளர் மில்டன் ஷாப்பிடம், மனநல மருத்துவமனையில் இருந்ததுண்டா என்று அந்த நாளிதழின் நிருபர் கேட்டார். இல்லை என்றார் ஷாப். மறுநாள் அந்த மறுப்பே தலைப்புச் செய்தி! ஷாப் எதிர்த்த இணைப்பில் ஈடுபட்ட ரயில்வே நிறுவனத்தில் அன்னன்பெர்க்குக்குப் பெரும் பங்குகள் இருந்தன. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

தூதர் பதவி தந்தவர் நண்பரான அதிபர் நிக்சன். தூதரான அதே 1969இல் அன்னன்பெர்க் இன்குவயரரையும் 'டெய்லி நியூஸ்' இதழையும் 5.5 கோடி டாலருக்கு நைட் பத்திரிகை நிறுவனத்துக்கு விற்றார். லண்டனில் கேலிக்கு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. ரீஜென்ட்ஸ் பூங்காவில் உள்ள தூதர் இல்லமான வின்ஃபீல்ட் ஹவுஸைச் சொந்தச் செலவில், ஏறத்தாழ பத்து லட்சம் டாலரில் புதுப்பித்தார். மனைவி லியோனோரும் அவரும் அளித்த விருந்துகளும் நன்கொடைகளும் மெல்ல மெல்ல மனங்களை மாற்றின. 1974இல் ஊர் திரும்பியவருக்கு, 1976இல் ராணியின் கௌரவ நைட் பட்டம் கிடைத்தது.

இதற்கிடையே 1970 தேர்தலில் ஷாப் மீண்டும் நின்று வென்று ஆளுநரானார். கைமாறிய இன்குவயரர், ஜீன் ராபர்ட்ஸின் ஆசிரியர் பொறுப்பில் 1990க்குள் 17 புலிட்சர் பரிசுகளை வென்றது.