அஞ்சும் உரிமை

அஞ்சுதல் இழிவு என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் எண்ணம். போரில் மாண்டவனுக்கு நடுகல் நட்டோம், திருவிழாவும் எடுத்தோம். ஆபத்து வருவதை முன்னரே உணர்ந்து விலகித் தானும் பிழைத்துத் தன் மக்களையும் பிழைக்க வைத்தவனுக்கோ கல்லும் இல்லை, கதையும் இல்லை. ஆயினும் மனித குலம் அழியாது நிலைத்திருப்பதற்கு முன்னவனைக் காட்டிலும் பின்னவனே பெரிதும் காரணமானவன் என்பதைச் சிறிது சிந்திப்போர் மறுக்கமாட்டார். அஞ்சத் தக்கவற்றுக்கு அஞ்சவேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் எங்கே வைத்தார் என்று நோக்குக. அறிவுடைமை என்னும் அதிகாரத்திலன்றோ வைத்தார்!

அவ்வச்சம் நமக்குள் எவ்வாறு எழுகிறது? காரணம் இன்னதென்று சொல்லத் தெரியாத நிலையில், 'மனம் ஒப்பவில்லை' என்கிறோம். 'ஏதோ சரியாகப் படவில்லை' என்கிறோம். அமெரிக்க உளவியல் அறிஞர் கேரி கிளைன் என்பார், தீயணைப்போரிடம் நேரில் கேட்டறிந்த நிகழ்ச்சி ஒன்றை 1998இல் வெளியிட்ட தம் நூலில் விவரிக்கின்றார். எரியும் வீடொன்றினுள் நின்று நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த படைத்தலைவர் ஒருவர், திடீரென எல்லோரையும் வெளியேறுமாறு ஆணையிட்டார். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில் நின்ற தளமே இடிந்து வீழ்ந்தது. தீயின் மூலம் அடித்தளத்து அறையில் இருந்தது. அவர் அதை அறியார். தமக்கு ஏதோ தெய்விக சக்தி உண்டென்றே அவர் நம்பி வந்தார். கிளைன் துருவிக் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. அச்சிறு தீக்கு அந்த வெம்மை மிகுதி. அந்த வெம்மைக்கு அங்கிருந்த ஒலி குறைவு. பல்லாண்டு தொழில் பழகிய கண்ணும் காதும் தோலும் அம்முரண்பாட்டைக் கண்டுகொண்டன. வாய் அதைச் சொல்லாக்கும் முன்னரே உள்ளம் முடிவு செய்துவிட்டது. உள்ளுணர்வு என்பது இதுவே. அது வானத்திலிருந்து இறங்குவதன்று. கண்டதும் கேட்டதும் பட்டதும் சேர்ந்து விளைவது.

இதற்கும் சகுனத்திற்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பூனை குறுக்கே போயிற்று என்று நிற்பவன் எதிரே உள்ள பாதையைப் பார்ப்பதில்லை. நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டவன், அழைத்துச் செல்பவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. பஞ்சாங்கத்தை நம்பப் பழகியவன் தன் கண்ணை நம்ப மறந்துவிடுகிறான். ஆகவே சகுனம் உள்ளுணர்வின் உடன்பிறப்பு அன்று, அதன் பகை.

இவ்வுணர்வு இருந்தும் பயன்படாது போன வரலாறு ஒன்று நம் இனத்திற்கு உண்டு. அதனை அறிய மலாயாவிற்குச் செல்வோம். பகாங் மாநிலத்து மேற்கெல்லையில் உள்ளது கேமரன் மலை. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டு குறித்தார். அவர் பெயரே மலைக்கும் பெயராயிற்று. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார், இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பாரைத் துணைக்கொண்டு அங்கே 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் வேறு தோட்டங்களும் எழுந்தன. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திச் செடி வளர்த்துக் கொழுந்து கிள்ளிய கைகளில் தமிழ்க் கைகள் பல. தலையில் கூடை மாட்டிச் செங்குத்தான சரிவில் நிற்கும் பெண்ணுக்கு, காலடி மண் நெகிழ்வதும் செடியடியில் ஊர்வன அசைவதும் சொல்லாமலே தெரியும். முன்னறிவு இல்லாதவராக இருந்திருந்தால் அம்மக்கள் அம்மலையில் வாழ்ந்திருக்கவே முடியாது.

அதே மலையின் காடுகளில் அவர்களுக்கு முன்னரே வாழ்ந்து வருபவர் செமாய் என்னும் பழங்குடியினர். 19ஆம் நூற்றாண்டில் அடிமை பிடிப்போர் அவர்தம் குடிகளைச் சூறையாடிப் பெண்டு பிள்ளைகளைக் கவர்ந்து சென்றனர். அக்கொடுமையை அனுபவித்த அம்மக்களிடையே, ஆபத்தைக் கண்டால் எதிர்த்து நிற்பதினும் காட்டுக்குள் விலகுவதே நன்று என்பது வாழ்க்கை நெறியாயிற்று. அயலாரிடத்து எச்சரிக்கையாக இருக்கக் குழந்தைகளுக்கும் கற்பித்தனர். 1960களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த ராபர்ட் டென்டன் என்னும் மானிடவியலார், வன்முறை அறியாத மக்கள் என்று அவர்களைப் பற்றி 1968இல் நூல் எழுதினார். அவர்கள் ஓடியதை எவரும் குற்றமென்று எழுதவில்லை. ஓடியதற்காக அவர்களுக்குக் கூலி வெட்டுவோரும் இல்லை.

தோட்டத்துத் தமிழர் நிலையோ வேறு. மலைத் தோட்டமாயினும் சமவெளியின் ரப்பர்த் தோட்டமாயினும் மலாயாவில் ஆட்சிமுறை ஒன்றே. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே கங்காணி. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் வராவிடின் அவர் வருவாய் குறையும். அங்கே 'எனக்கு மனம் ஒப்பவில்லை, இன்று வரமாட்டேன்' என்று ஒருவன் சொன்னால், அவன் மனத்தை ஆராய்வோர் யார்? லயமும் அரிசியும் மருந்தும் தோட்டத்தாருடையவை; அவற்றை விட்டு வெளியேறினால் போக்கிடம் இல்லை. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளில் ஒன்று. அந்தப் போராட்டத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். இறங்கி நிற்கப் பழக்கப்பட்ட மக்கள், தம் உள்ளம் கூறுவதையும் இறக்கி வைத்துவிடப் பழகுகிறார்கள் என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. துரைமார் மறைந்தனர், ரப்பர் ஏற்றுமதி நின்றது, கூலியும் அரிசியும் அருகின, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க ஜப்பானியர் ஆள் திரட்டினர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் உறைவிடமும் மருத்துவமும் இலவசம் என்று 1943இல் விளம்பரம் செய்தனர். போதிய பேர் சேராமற் போகவே, தோட்டங்களில் இத்தனை ஆள் தரவேண்டும் என்று கணக்குக் கேட்டனர். லாரிகளில் ஏற்றிச் சென்றனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டம் சேர்த்துக் கொட்டகைக் கதவை அடைத்து, உள்ளிருந்தோரை ரயிலேற்றிய கொடுமையும் நிகழ்ந்தது.

விளம்பரத்தைக் கேட்டுப் போதிய பேர் முன்வரவில்லை என்ற அந்த ஒரு செய்தியே நமக்குப் பெரிய சாட்சி. எழுத்தறியாத மக்கள் என்று எள்ளப்பட்டோர், இனிக்கும் வாக்குறுதியில் கசப்பைக் கண்டுகொண்டனர். போனவர் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை, அழைக்க வந்தவன் கையில் துப்பாக்கி இருந்தது. இவற்றைக் கூட்டிப் பார்க்கப் பள்ளிப்படிப்பு வேண்டுவதில்லை. லாரியின் ஓசை கேட்டதும் காட்டுக்குள் ஓடி ஒளிந்தோர் பலர். சயாமில் வேலையிடத்திலிருந்து தப்பியோடியோரும் ஆயிரக்கணக்கினர்.

ஆனால் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் 70,000-க்கு மேல். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி ஆகியவற்றால் அவர்களுள் பல்லாயிரவர் மாண்டனர். போர்க் கைதிகளான வெள்ளையருள் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் சாவோ அதனினும் பன்மடங்கு. கைதிகளிடையே மருத்துவர் இருந்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க ஆணையிடும் அதிகாரிகள் இருந்தனர். மாண்டார் பெயரை எழுதி வைப்போரும் இருந்தனர். நம்மவருக்கு அத்தகையோர் போதிய அளவில் இல்லை. 1943 அக்டோபரில் பாதை இணைந்தது.

சென்று மாண்டோர் உள்ளுணர்வு இல்லாதவரா? அல்லர். அவர்கள் நெஞ்சும் எச்சரித்திருக்கும். பசித்த பிள்ளையின் முகம் அந்த எச்சரிக்கையை அடக்கிற்று. கிராணியின் பட்டியலில் ஏறிய பெயர் அதை அடக்கிற்று. மேலிருந்து வரும் சொல்லுக்குத் தலையாட்டிய தலைமுறைப் பழக்கம் அதை அடக்கிற்று. உள்ளம் 'போகாதே' என்றது. வயிறு 'போ' என்றது. அதிகாரம் 'ஏறு' என்றது. ஆகவே, 'உன் உள்ளுணர்வை நம்பு' என்று பிறருக்கு உபதேசம் செய்வோர் ஒன்றை அறியவேண்டும். நம்பினால் மட்டும் போதாது. நம்பியபடி நடக்க ஒரு வழி வேண்டும். ஆபத்தை அறியும் ஆற்றலை இயற்கை ஏழைக்கும் செல்வனுக்கும் சமமாகவே தந்தது. விலகிச் செல்லும் வாய்ப்பைச் சமுதாயம் சமமாகத் தரவில்லை.

இவ்வுண்மையைச் சட்டம் ஏற்கப் பல்லாண்டு சென்றது. 1981இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 155ஆம் உடன்படிக்கை, தன் உயிருக்கு உடனடியான பேராபத்து உண்டென்று தக்க காரணத்தோடு நம்பி வேலையை விட்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்கலாகாது என்று விதித்தது. மலேசியா தன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, முதலாளி ஆபத்தை நீக்கத் தவறினால் தொழிலாளி விலகிக்கொள்ளலாம் என்ற உரிமையை 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. தக்க காரணத்தோடு அஞ்சுதல் ஒழுங்கீனம் அன்று, உரிமை என்று ஏட்டில் எழுதியாயிற்று.

ஏட்டில் எழுதியது போதுமா? கேமரன் மலையில் இன்று கொழுந்து பறிப்போருள் வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர் எனப் பிற நாட்டார் பலர். பிறர் கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பதை 1966ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தும், அயல்நாட்டுத் தொழிலாளரின் கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் கிடக்கும் வழக்கம் மலேசியாவில் பலகாலும் வெளிப்பட்டு வந்துள்ளது. கடவுச்சீட்டு பிறர் கையில் இருக்கும்போது கால் மட்டும் தன்னுடையது என்று சொல்லிப் பயன் என்ன? வேற்று மொழி பேசும் அத்தொழிலாளி, நேற்று நம் பாட்டன் நின்ற அதே சரிவில் நிற்கிறான் என்பதைத் தமிழர் மறக்கலாகாது.

ஆதலின் நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியவை இரண்டு. பல்லியையும் பஞ்சாங்கத்தையும் விட்டுத் தம் கண்ணையும் காதையும் நம்பக் கற்பிப்போம். நெஞ்சு திடுக்கிட்டால், பெரியவர் அழைத்தாலும் நின்று, ஏன் என்று கேட்கக் கற்பிப்போம். இது முதலாவது. வேறொருவன் 'மனம் ஒப்பவில்லை' என்று பின்வாங்கும்போது அவனைக் கோழை என்று நகையாது, அவன் விலகிச் செல்ல வழிவிடக் கற்பிப்போம். இது இரண்டாவது, முதலாவதினும் இதுவே அரிது. சயாம் காட்டில் பெயரின்றிப் புதைந்தோருக்கு நாம் நடவேண்டிய கல் இதுவே.