தாழ்மையுடன்: செங்கல்பட்டுச் சீமையின் மனுமொழியில் ஆங்கில மரியாதைத் தொடர்கள்

முன்னுரை

'உரிய மரியாதையுடன்', 'கருணையுடன் பரிசீலித்து', 'ஆவன செய்யுமாறு', 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' ஆகிய தொடர்களில் ஒன்றேனும் இல்லாமல் தமிழில் ஒரு மனு எழுதப்படுவது அரிது. இவற்றிற்கு இணையாக 'வித் டியூ ரெஸ்பெக்ட்', 'கைண்ட் கன்சிடரேஷன்', 'டூ தி நீட்ஃபுல்', 'ஹம்பிளி ரெக்வெஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் அலுவலக ஆங்கிலத்தில் வழங்கி வருகின்றன. சொற்சேர்க்கை என்பது வழக்கத்தால் இணைபிரியாமல் நிற்கும் சொல் இணை. 'டியூ' என்பதை எடுத்துவிட்டு அதே பொருளுடைய வேறொரு அடைமொழியை வைத்தால் பொருள் கெடாது. ஆனால் காதுக்கு ஒவ்வாது. தமிழ் மனுவிலும் 'ஆவன' என்பதற்குப் பின் 'செய்' தவிர வேறு வினை வருவதில்லை.

இத்தொடர்களை வெறும் 'மொழிபெயர்ப்புத் தமிழ்' எனக் கூறிக் கடந்துவிடுவதே பொதுவான போக்கு. அக்கூற்று பாதி உண்மையே. ஆங்கிலத்தில் ஒரு வேலையைச் செய்த தொடர் தமிழுக்கு வந்தபின் வேறொரு வேலையைச் செய்திருக்கிறது. அவ்வேறுபாட்டைக் கோவளத்தை உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டுச் சீமையின் வரலாற்றுப் பின்னணியில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கோவளம்: மூன்று அரசவை மொழிகள்

சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் அமைந்த கோவளம், சிறிய ஊராயினும் பல அதிகாரங்களைக் கண்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஸ்டெண்டு வணிகர்கள் இங்குப் பண்டகசாலை வைத்திருந்தனர். ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இதற்குச் சாதத் பந்தர் என்ற பெயரும் வழங்கியது; 'பந்தர்' என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். இங்கிருந்த கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1752இல் இராபர்ட் கிளைவ் அதனைப் பிடித்தார். 1763இல் நவாபு முகம்மது அலி செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கும்பினிக்கு ஜாகீராக வழங்கினார்.

இந்த ஆட்சி மாற்றங்கள் ஒவ்வொன்றும் மரியாதைச் சொற்களில் தடம் பதித்தன. சோழர் கல்வெட்டுகளில் அதிகாரியோ ஊராரோ அரசனிடம் 'விண்ணப்பம்' செய்வர். அரசன் 'திருவாய் மொழிந்தருளுவான்'. நவாபு ஆட்சியின் பாரசீக நிருவாகம் 'அர்ஜி', 'தாக்கீது' என்னும் இணையைத் தந்தது. கீழிருந்து மேலே செல்வது அர்ஜி. மேலிருந்து கீழே வருவது தாக்கீது. தாளின் பெயரைக் கேட்ட அளவிலேயே எழுதியவர் மேலோ கீழோ எனத் தெரிந்துவிடும். அதிகாரியின் இருப்பிடத்தையே அதிகாரியாகக் கருதும் வழக்கும் அதனுடன் வந்தது. 'ஹுஜூர்' என்னும் அரபுச் சொல்லுக்கு 'முன்னிலை' என்பதே பொருள். தமிழில் அதற்கு ஏற்கெனவே ஓர் இணை இருந்தது. 'கலெக்டர் துரையவர்கள் சமூகத்திற்கு' என்னும் முகவரியில் உள்ள 'சமூகம்' மக்கள் கூட்டத்தைக் குறிப்பதன்று, முன்னிலையைக் குறிப்பது. இன்றைய மாணவர் பழைய மனு ஒன்றைப் படிக்கும்போது முதலில் இடறும் இடம் இதுவே.

இவற்றின்மேல் மூன்றாவதாக ஆங்கிலம் வந்தது. கும்பினியைத் தமிழர் 'கும்பினியார்' என அழைத்தனர். வணிக நிறுவனம் ஒன்றிற்கு 'ஆர்' விகுதி கொடுத்த இவ்வழக்கு, பின்வரும் பகுதிக்கு நல்ல தொடக்கம்.

இலக்கணத்தில் உள்ள மரியாதையும் தொடரில் உள்ள மரியாதையும்

தமிழில் மரியாதை பெரும்பாலும் இலக்கணத்திற்குள் இருக்கிறது. 'நீ', 'நீர்', 'நீங்கள்', 'தாங்கள்' என்னும் படிநிலை, வினைமுற்றின் விகுதி, பெயரின் 'ஆர்' விகுதி ஆகியவை பேசுவோர், கேட்போர் உறவைத் தெளிவாகக் காட்டிவிடும். தொல்காப்பியர் இதனை இரண்டு இடங்களில் தொடுகிறார். ஒருவரைப் பன்மையால் கூறும் உயர்சொல்லை உலக வழக்காக ஏற்கும் அவர், அதை இலக்கண நெறியாக ஏற்கவில்லை. இரப்போர் கூறும் சொற்களையும் அவர் வகுக்கிறார்: தாழ்ந்தவர் 'ஈ' என்பர், ஒத்தவர் 'தா' என்பர், உயர்ந்தவர் 'கொடு' என்பர். கேட்கும் வினையிலேயே கேட்பவரின் நிலை பதிந்திருக்கிறது. மனுமொழியின் வரலாற்றை எழுதுவோர் இந்நூற்பாக்களிலிருந்து தொடங்காமல் இருப்பது வியப்பே.

ஆங்கிலத்தின் நிலை வேறு. 'தௌ', 'யூ' என்னும் முன்னிலை வேறுபாடு பொது ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டளவில் தேய்ந்து, 'யூ' ஒன்றே அரசருக்கும் ஏவலருக்கும் பொதுவாயிற்று. வினையிலும் மரியாதை விகுதி இல்லை. ஆகவே மரியாதையை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. 'கைண்ட்லி', 'ஹம்பிளி', 'டியூ ரெஸ்பெக்ட்', 'ஃபேவரபிள் கன்சிடரேஷன்' ஆகிய சேர்க்கைகள் இலக்கணம் கைவிட்ட வேலையைச் செய்தன. நாடாளுமன்றத்திற்கும் அரசுக்கும் எழுதப்பட்ட ஆங்கில மனு இன்னாரின் 'தாழ்மையான மனு' எனத் தொடங்கி, மனுதாரர் கடமைப்பட்டவராய் என்றும் வேண்டிக்கொண்டிருப்பார் என முடிவது மரபு. அலுவலர்கள் தமக்குள் எழுதிய கடிதங்களில்கூட 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்பதே இறுதி வரி. கலெக்டர் வருவாய் வாரியத்திற்கு அவ்வாறு கையொப்பமிட்டபோது எவரும் அவரை ஏவலர் என எண்ணவில்லை.

இத்தொடர்கள் தமிழுக்கு வந்தபோது நிகழ்ந்தது மொழிபெயர்ப்பு மட்டுமன்று, கூட்டலும் நிகழ்ந்தது. 'தாங்கள்' என்னும் முன்னிலையும் 'அவர்கள்' என்னும் விகுதியும் அப்படியே இருக்க, அவற்றின்மேல் 'தயவுகூர்ந்து', 'தாழ்மையுடன்', 'கருணையுடன்' ஆகியவை ஏறின. போதாமைக்கு, 'கேட்டுக்கொள்கிறேன்', 'வேண்டிக்கொள்கிறேன்' எனக் 'கொள்' என்னும் துணைவினையும் சேர்ந்து கேட்பின் கூர்மையை மழுக்கியது. ஆங்கிலத்தில் ஒருமுறை செலுத்தப்பட்ட மரியாதை தமிழில் இருமுறை, சில வேளை மும்முறை செலுத்தப்பட்டது. இந்தியர் எழுதிய ஆங்கிலத்தின் மிகைப்பணிவை ஆங்கிலேயர் நகையாடினர், எஃப். ஆன்ஸ்டி 1897இல் வெளியிட்ட 'பாபு ஜாபர்ஜி' அந்நகைப்பின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இலக்கணத்தில் மரியாதை ஊறிய மொழிகளைப் பேசுவோர் 'யூ' என்னும் மொட்டைச் சொல்லால் அதிகாரியை அழைக்க நேரும்போது, அதன் வெறுமையை அடைமொழிகளால் நிரப்ப முயல்வது இயல்பு. அந்நகைப்பில் இந்த மொழியியல் உண்மைக்கு இடமில்லை.

எதிர்த்திசைப் பயணம் ஒன்றும் உண்டு. சென்னை மாகாணத்தின் ஆங்கில ஆவணங்களில் ஐரோப்பியர் பெயருக்குப் பின் 'எஸ்கொயர்' வந்தது. இந்திய அலுவலர் பெயருக்கு முன் 'எம்.ஆர்.ஆர்.ஒய்.' என்னும் சுருக்கமும் பின் 'அவர்கள்' என்பதும் வந்தன. அச்சுருக்கம் 'மகாராஜராஜஸ்ரீ' என்னும் தமிழ்க் கடித வழக்கின் ஆங்கில எழுத்துரு. ஆட்சிமொழி தன்னிடம் இல்லாத மரியாதையை ஆளப்பட்டோரிடமிருந்து கடன் வாங்கியது. ஆனால் அதனை ஆளப்பட்டோருக்கு மட்டுமே பயன்படுத்தியது.

'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்': உருவகமும் உண்மையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் மனுமொழியின் பொருளைத் தீர்மானித்தது நிலம். வேளாண் நிலத்தின் உரிமை மிராசுதாரர்களிடமும் உழைப்பு பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரான படியாட்களிடமும் இருந்தது. அடிமைத்தனத்திற்குச் சட்ட ஏற்பு இல்லை என 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அறிவித்தபோதிலும், கடனாலும் குடியிருப்பாலும் படியாள் பிணைக்கப்பட்டே இருந்தார். 1891இல் மாவட்டக் கலெக்டர் டிரெமன்ஹீர் எழுதிய குறிப்பு இந்நிலையை அரசின் முன் வைத்தது. ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையைச் சார்ந்த ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி ஆகிய மறைப்பணியாளர்களும் இதனைத் தொடர்ந்து எழுதினர். 1892இல் வெளியான அரசாணையின் வழி ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்கப்பட்டது. பின்னாளில் அது பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்றது.

தரிசு நிலம் வேண்டுவோர் 'தர்காஸ்து' மனு கொடுக்க வேண்டும். செங்கல்பட்டில் அம்மனுவின்மீது முன்னுரிமை கோரும் வாய்ப்பு மிராசுதாரர்களுக்கு இருந்தது. எனவே ஒரே நிலத்திற்காக மிராசுதாரரும் அவரிடம் வேலை செய்தவரும் ஒரே அலுவலகத்தின்முன் மனுதாரர்களாக நிற்கும் நிலை எழக்கூடியதாயிற்று. இங்கேதான் ஆங்கில மரியாதைத் தொடர் இரு வேறு பொருள் பெறுகிறது.

ஒருபுறம், 'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்பது கலெக்டருக்கு வெறும் சடங்கு; மிராசுதாரருக்கு ஓர் உருவகம்; படியாளுக்கோ நாள்தோறும் வாழும் உண்மை. ஆங்கிலத்தில் பொருள் தேய்ந்துபோன ஒரு தொடர், சாதியால் அடுக்கப்பட்ட ஊருக்குள் வந்ததும் அதன் நேர்ப்பொருளை மீண்டும் பெற்றது. ஆங்கிலத் தொடர்களைத் தமிழர் 'அப்படியே' எடுத்துக்கொண்டனர் என்னும் கருத்து இவ்விடத்தில் பொருந்தாது. தொடர் அதே தொடர்தான்; அதைத் தாங்கும் முதுகு வேறு.

மறுபுறம், தொடரின் நிலைத்த வடிவமே ஒரு சமன்பாட்டையும் கொண்டுவந்தது. ஊரில் 'ஆண்டே' என அழைத்தவரும் அவ்வாறு அழைக்கப்பட்டவரும் தாளில் ஒரே 'தாழ்மையுடன்' என்பதையே எழுத வேண்டும். 'ஈ', 'தா', 'கொடு' எனத் தொல்காப்பியர் வகுத்த படிநிலைக்கு மனுவில் இடமில்லை. அனைவரும் 'ஈ' என்னும் நிலையில் நிற்கின்றனர். அலுவலகத்தின் பார்வையில் அனைவரும் 'மனுதாரர்'. 'தார்' என்னும் பாரசீக ஒட்டும் 'அர்' என்னும் தமிழ் விகுதியும் சேர்ந்த இச்சொல், தெருவில் 'நீ', 'வாடா' என்பதையே கேட்டவருக்கும் தாளில் 'அர்' விகுதி தந்தது. இதனைச் சமத்துவம் எனக் கொண்டாடுவது மிகை. மனு எழுதித் தருவோரை நம்பியே எழுத்தறிவற்றோர் வாழ்ந்தனர். நிலமும் எளிதில் கிடைத்துவிடவில்லை. எனினும் மரியாதை விகுதி பிறப்போடு ஒட்டாமல் ஒரு தாளோடு ஒட்டியது சிறிய மாற்றமன்று.

பணிவைத் திருத்தியோர்

20ஆம் நூற்றாண்டில் இம்மொழிமீது இரு திசைகளிலிருந்து கேள்வி எழுந்தது. இரண்டும் இதே வட்டாரத்தோடு தொடர்புடையவை. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் நெறியைத் தொடங்கினார். அந்நெறி பரவிய சூழலில் 'தயவுசெய்து' என்பதன் அருகே 'அன்புகூர்ந்து' என்பதும், 'சமூகத்திற்கு', 'மகாராஜராஜஸ்ரீ' ஆகியவற்றின் இடத்தில் 'உயர்திரு' என்பதும் வழக்குப் பெற்றன. சொற்கள் தமிழாயின, பணிவின் அளவு குறையவில்லை.

இரண்டாவது கேள்வி ஆழமானது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. மகாராஜராஜஸ்ரீ, பெயர், சாதிப் பட்டம், அவர்கள் என்பதே அதுவரை மரியாதையின் முழு முகவரி. நடுவிலிருந்த பட்டத்தை அகற்றியது வெறும் பெயர்ச் சீர்திருத்தமன்று; மரியாதைத் தொடரின் சேர்க்கையையே உடைத்த செயல். 'மரியாதை' என்னும் வடசொல்லின் மூலப்பொருள் 'எல்லை' என்பதாகும். எவரெவர் எங்கு நிற்க வேண்டும் என்னும் எல்லையைக் குறித்த சொல்லின்முன் 'சுய' என்பதைச் சேர்த்தபோது, எல்லையை வரையும் உரிமை அவரவர் கைக்கு மாறியது. 1967இல் அண்ணா தலைமையிலான அரசு 'ஸ்ரீ', 'ஸ்ரீமதி' ஆகியவற்றிற்கு மாற்றாகத் 'திரு', 'திருமதி' என்பவற்றை அலுவல் வழக்காக்கியது இத்தொடர்ச்சியில் வைத்துக் காணத்தக்கது. கலெக்டருக்கும் மனுதாரருக்கும் ஒரே அடைமொழி கிடைத்தது.

ஆனால் வாக்கியத்தின் உடல் பழைய நிலையிலேயே நின்றது. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அலுவலகக் கலைச்சொற்கள் பெருமுயற்சியுடன் தமிழாக்கப்பட்டன. பதவிப் பெயர்களும் துறைப் பெயர்களும் மாறின. மரியாதைத் தொடர்கள் சொல்லாக மட்டும் மாறின. யார் யாருக்குப் பணிவது என்னும் திசை மாறவில்லை. மனுவில் தன்மை ஒருமை உண்டு, அடைமொழி உண்டு, துணைவினை உண்டு. விடையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கே ஆங்கிலத்தின் 'ஹியர்பை இன்ஃபார்ம்டு' என்பதன் நிழலில் உருவான செயப்பாட்டு வினை ஆட்சி செய்கிறது. எழுதியவர் யாரென்றே தெரிவதில்லை.

கோவளம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் திருப்போரூர் வட்டத்தில் உள்ளது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் அது. அங்குள்ள மீனவர் ஒருவர் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அளிக்கும் மனு, 'உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு' எனத் தொடங்கி, 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என முடியும். அதற்கு வரும் விடை, 'மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுவதாவது' எனத் தொடங்கும்.