பக்ஸ்டன் ஜூன் பனிப்பொழிவு, 1975

பக்ஸ்டன் ஜூன் பனிப்பொழிவு என்பது 1975 ஜூன் 2, திங்கட்கிழமை, இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் உள்ள பக்ஸ்டன் நகரில் பெய்து, கோடைகாலத் தரையில் படிந்து நின்ற பனியைக் குறிக்கிறது. அந்நகரின் மைதானத்தில் டெர்பிஷயர், லங்காஷயர் அணிகளுக்கிடையே நடந்துகொண்டிருந்த கவுண்டி கிரிக்கெட் ஆட்டத்தின் இரண்டாம் நாள் இதனால் முழுவதும் கைவிடப்பட்டது. மழையால் ஆட்டம் நிற்பது இங்கிலாந்தில் அன்றாடச் செய்தி. ஜூன் மாதத்தில் பனியால் நின்ற ஆட்டம் என்பதால் இது கிரிக்கெட் வரலாற்றிலும் வானிலை வரலாற்றிலும் இடம்பெற்றது. ஆனால் அந்தப் பனி ஒரு நாள் ஆட்டத்தை மட்டும் கெடுத்துவிட்டுப் போகவில்லை. ஓர் அணியின் தோல்வியையும் அதுவே எழுதியது.

பெயர் விளக்கம்

தமிழில் ‘பனி’ என்ற சொல் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி, மார்கழி விடியலின் மூடுபனி, நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனி, மேகத்திலிருந்து பஞ்சுபோல் விழும் வெண்பனி ஆகிய அனைத்தையும் குறிக்கிறது. மாணவர்கள் இவற்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. உதகையில் காணப்படும் உறைபனி வானிலிருந்து விழுவதில்லை. இரவில் குளிர்ந்துபோன புல்லின் மீது காற்றிலுள்ள ஈரம் நேரடியாக உறைவதால் அது உண்டாகிறது. பக்ஸ்டனில் நிகழ்ந்தது கடைசி வகை, அதாவது மேகத்திலிருந்து விழுந்த வெண்பனி.

இடமும் ஆட்டமும்

பக்ஸ்டன், பீக் டிஸ்ட்ரிக்ட் எனப்படும் மலைப்பாங்கான பகுதியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இங்கிலாந்தின் மிக உயரமான சந்தை நகரங்களுள் ஒன்று. நம் ஊர்க் கணக்கில் 300 மீட்டர் ஓர் உயரமே அல்ல. ஆனால் மேலே செல்லச் செல்ல காற்றின் வெப்பநிலை 100 மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி செல்சியஸ் வீதம் குறைவதால், சமவெளியைவிட இந்நகரம் சுமார் 2 டிகிரி குளிர்ந்திருக்கும். மழையா பனியா என்று முடிவாகும் எல்லையில் அந்த 2 டிகிரி மிகப் பெரிது.

அக்காலத்தில் கவுண்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் மூன்று நாட்கள் நடைபெற்றன. சனிக்கிழமை தொடங்கும் ஆட்டம் ஞாயிறு தவிர்த்து, திங்கள், செவ்வாய் நாட்களில் தொடரும். மே 31 சனிக்கிழமை லங்காஷயர் முதலில் ஆடி 5 விக்கெட் இழப்புக்கு 477 ஓட்டங்கள் குவித்து டிக்ளேர் செய்தது. மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைவர் கிளைவ் லாயிட் ஆட்டமிழக்காமல் 167 ஓட்டங்களும், பிராங்க் ஹேய்ஸ் 104 ஓட்டங்களும் எடுத்தனர். மாலையில் டெர்பிஷயர் 2 விக்கெட்டுகளை இழந்து 25 ஓட்டங்கள் எடுத்திருந்தது. நிலைமை மோசம்தான். ஆனால் காய்ந்த ஆடுகளத்தில் இரண்டு நாள் நின்று ஆடி ஆட்டத்தைச் சமன் செய்வது நடக்காத காரியமல்ல.

ஜூன் 2

ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை வந்தபோது ஆர்க்டிக் பகுதியிலிருந்து வடகாற்று பிரிட்டன் முழுவதும் இறங்கியிருந்தது. மேலடுக்குக் காற்று கடுங்குளிராக இருந்ததால் மேகங்கள் திரண்டு, விட்டுவிட்டுப் பெய்தன. தென்கிழக்கே கோல்செஸ்டரில் எசெக்ஸ், கென்ட் அணிகளின் ஆட்டமும் பனியால் தடைபட்டது. எனினும் தரை வெண்மையாக மூடப்பட்டு நாள் முழுவதும் ஆட்டமே இல்லாமல் போனது பக்ஸ்டனில்தான். அங்கு ஓர் அங்குல அளவுக்குப் பனி படிந்தது. நடுவர் டிக்கி பேர்ட் ஆடுகளத்தைப் பார்வையிடப் பனியை மிதித்துக்கொண்டு சென்றார். பிற்காலத்தில் அவர் இந்நிகழ்வைப் பலமுறை சொல்லிச் சொல்லி, பனியின் ஆழமும் சற்றே கூடியது.

ஆண்டின் மிக நீண்ட பகலுக்கு அப்போது மூன்று வாரம்கூட இல்லை. அந்நாளில் பக்ஸ்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 59 டிகிரி உயரத்தில் இருக்கும். டிசம்பர் மாத இறுதியில் சென்னையில் நண்பகல் சூரியனின் உயரம் சுமார் 54 டிகிரிதான். மார்கழி மாதச் சென்னைச் சூரியனைவிட உயர்ந்து நின்ற சூரியனின் கீழ்தான் பனி தங்கியது. அடர்ந்த மேகம் அதன் வெப்பத்தைப் பெருமளவு தடுத்துவிட்டது.

வெப்பத் தரையில் பனி எவ்வாறு தங்கியது?

தரை சூடாக இருந்தால் பனி தங்காது என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மை. முதலில் விழும் செதில்கள் நிச்சயமாக உருகும். ஆனால் அவை உருகுவதற்கான வெப்பத்தைத் தரையிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றன. 1 கிராம் பனி, வெப்பநிலை மாறாமல் நீராக மட்டும் மாறுவதற்கே 80 கலோரி வெப்பம் தேவை. பள்ளிப் பாடத்தில் வரும் உள்ளுறை வெப்பம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குல ஈரப்பனி உருகினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீர் கிடைக்கும் என்று கொண்டால், ஒரு சதுர மீட்டரில் அது 3 லிட்டர், அதாவது 3,000 கிராம். அதை உருக்க 2,40,000 கலோரி வேண்டும். ஈர மண்ணின் மேற்பரப்பில் 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள அடுக்கு 10 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர்ந்தால் வெளிப்படும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, ஓர் அங்குலப் பனி உருகினாலே மேல்மண்ணின் சூடு தீர்ந்துவிடும். அடியில் இன்னும் வெப்பம் இருக்கும். ஆனால் மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். அது மேலே வந்து சேர்வதற்குள் அடுத்த செதில்கள் வந்து மூடிக்கொள்கின்றன.

ஆகவே தரை எவ்வளவு சூடு என்பதோடு, பனி எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெல்லத் தூவும் பனி சூடான தரையில் தோற்றுவிடும். கொட்டும் பனி வெல்லும். தமிழ்நாட்டில் சித்திரை வெயிலின் நடுவே ஆலங்கட்டி மழை பெய்யும்போது, கட்டிகள் மொத்தமாக விழுந்தால் சூடான முற்றத்திலும் சிறிது நேரம் வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைக் காணலாம். காரணம் இதுவே.

விழும் பனி காற்றையும் குளிர்விக்கிறது. செதில்கள் வரும் வழியில் ஓரளவு உருகியும் ஆவியாகியும் காற்றின் வெப்பத்தைக் குடித்துவிடுவதால், தரையருகே 2 அல்லது 3 டிகிரி இருந்தாலும் பனி பனியாகவே வந்து சேரும். மேலும், புல் தரையைப் போன்றதல்ல. மெல்லிய இதழ்களில் சேமித்துவைக்க வெப்பம் அதிகமில்லை. இதழ்களுக்கிடையே உள்ள காற்று மண்ணின் சூட்டை மேலே வரவிடாது. எனவே பனி முதலில் புல்லில் பிடிக்கும். தார்ச்சாலைக்குப் பிறகுதான் முறை வரும். கிரிக்கெட் மைதானம் முழுவதும் புல்.

செவ்வாய்க்கிழமை ஆட்டம்

உருகிய பனி எங்கே போகும்? மண்ணுக்குள். இன்று என்றால் ஆடுகளத்தைத் தார்ப்பாயால் மூடியிருப்பார்கள். அக்காலக் கவுண்டி விதிகளின்படி ஆட்டம் தொடங்கிய ஆடுகளம் வானத்துக்குத் திறந்தே கிடந்தது. சனிக்கிழமை லங்காஷயர் ஓட்டங்களைக் குவித்த அதே மண், செவ்வாயன்று நீரில் ஊறி, வெயிலில் காயத் தொடங்கியிருந்தது. இவ்வாறு பாதி காய்ந்த ஆடுகளத்தில் ஒரு பந்து முகத்துக்கு எழும்பும், அடுத்த பந்து தரையோடு உருளும்.

டெர்பிஷயரின் ஆஷ்லி ஹார்வி-வாக்கர் ஆட வந்தபோது தம் பொய்ப்பற்களைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, நடுவர் டிக்கி பேர்டிடம் கொடுத்து வைத்தார் என்பது இந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப்படும் செய்தி. வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் மட்டையாளர்கள் தலைக்கவசம் அணியாத காலம் அது. அவருடைய அச்சம் நியாயமானது.

டெர்பிஷயர் முதல் இன்னிங்ஸில் 42 ஓட்டங்களுக்கும் இரண்டாவது இன்னிங்ஸில் 87 ஓட்டங்களுக்கும் சுருண்டது. ஒரே நாளில் 18 விக்கெட்டுகள் வீழ்ந்தன. லங்காஷயர் ஓர் இன்னிங்ஸ் மற்றும் 348 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. லங்காஷயரின் பந்துவீச்சைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனாலும் இரு அணிகளும் ஒரே ஆடுகளத்தில் ஆடின என்று சொல்வது பெயரளவுக்குத்தான் சரி.

பின்னர்

வடகாற்று விலகியதும் கோடை திரும்பியது. ஐந்தே நாட்களில், ஜூன் 7 அன்று, முதலாவது உலகக் கோப்பை கிரிக்கெட் போட்டி இங்கிலாந்தில் நல்ல வெயிலில் தொடங்கியது. அன்று லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன். இங்கிலாந்து 60 ஓவர்களில் 334 ஓட்டங்கள் குவித்தது. சுனில் கவாஸ்கர் கடைசிவரை நின்று 36 ஓட்டங்கள் மட்டுமே எடுத்த ஆட்டம் இதுவே. ஜூன் 21 இறுதிப் போட்டியில் கிளைவ் லாயிட் 102 ஓட்டங்கள் அடித்து, மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். மூன்று வாரம் முன்பு பக்ஸ்டனில் அவருடைய ஆட்டத்தைப் பனி நிறுத்தியிருந்தது.

இங்கிலாந்துக் கவுண்டி ஆட்டங்களில் ஆடுகளத்தை முழுமையாக மூடும் முறை 1981இல் நடைமுறைக்கு வந்தது.