குளச்சல் பீரங்கிக் குண்டு முதல் ஒக்கி புயல் வரை: வானிலை, நாய், போர்... 'அதிர்ஷ்டம்' வேலை செய்த கதைகள்!

1741-ல் ஒரே ஒரு குண்டு டச்சுக்காரர்களின் சோற்றுப்பானையைக் காலி செய்தது. 2017-ல் ஒரே நாளில் உருவான புயல் குமரிக் கடலோர கிராமங்களைப் புரட்டிப் போட்டது. நடுவில் ஒரு நாய், ஒரு ஜெர்மன் கப்பல், ஒரு மேகமூட்டம். இதுக்கெல்லாம் ஒண்ணுக்கொண்ணு என்ன சம்பந்தம்? எல்லாவற்றிலும் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: 'அது அதிர்ஷ்டம்', இல்லைன்னா 'அது விதி'. ஆனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒரே மாவட்டம்... 2 மழை, 2 பூ, 2 தடைக்காலம்!

தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் மழைக்கு ஐப்பசி, கார்த்திகையைத்தான் நம்பி இருக்கின்றன. கன்னியாகுமரி அப்படி இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டும் இங்கே நல்லா பெய்யும். நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு நெல் போகம் நடப்பதற்கு இந்த இரட்டை மழையும் ஒரு காரணம்.

இன்னொரு ஆச்சரியம், மீன்பிடித் தடைக்காலம். வங்கக் கடல் பக்கம் இருக்கும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதே மாவட்டத்தில், அரபிக் கடல் பக்கம் இருக்கும் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரு பக்கம் வலை காயும்போது, இன்னொரு பக்கம் மீன் ஏலம் நடக்கும்!

இந்த மேற்குக் கடற்கரை ஆனி, ஆடியில் எவ்வளவு கொந்தளிக்கும் என்பதை மனசுல வெச்சுக்கோங்க. அடுத்த கதைக்கு அது தேவை.

குளச்சல் போர்: ஒரு குண்டு, எரிந்துபோன அரிசி

மிளகு வணிகத்தில் தங்கள் பிடி தளர்வதைப் பொறுக்க முடியாத டச்சு கிழக்கிந்திய கம்பெனி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுடன் மோதியது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. அங்கிருந்து அன்றைய தலைநகரான பத்மநாபபுரம் அதிக தூரம் இல்லை.

1741 ஆகஸ்ட் தொடக்கம். குளச்சலில் அடைபட்டிருந்த டச்சுப் படையைத் திருவிதாங்கூர் படை சுற்றி வளைத்திருந்தது. அப்போது திருவிதாங்கூர் தரப்பு சுட்ட ஒரு பீரங்கிக் குண்டு, டச்சு முகாமில் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் போய் விழுந்தது. தீ பரவி, சேர்த்து வைத்திருந்த அரிசி முழுக்க எரிந்து போனது. சோறும் இல்லை, மருந்தும் இல்லை. சில நாட்களில் டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். ஆசியாவில் ஒரு ஐரோப்பிய வணிகப் படையை உள்நாட்டு மன்னர் ஒருவர் தோற்கடித்த முக்கியமான போர்களில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

*அப்போ இது வெறும் அதிர்ஷ்டமா?*

குண்டு பீப்பாயில் விழுந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் அரிசி எரிந்தால் வேறு அரிசி வரக் கூடாதா? ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு காரணங்கள்.

1. அது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம். பாய்மரக் கப்பல்களை இந்தக் கரைக்குக் கொண்டு வந்து ஆளும் பொருளும் இறக்குவது மிகக் கடினம்.

2. டச்சுக்காரர்களின் கிழக்குத் தலைமையகமான படேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, 1740 முதல் கலவரத்திலும் போரிலும் சிக்கியிருந்தது. மலபாரிலிருந்து உதவி கேட்டும் அங்கிருந்து படை அனுப்ப முடியவில்லை.

ஆக, கரையில் முற்றுகை, கடலில் காற்று, ஜாவாவில் சண்டை என மூன்று பக்கமும் அடைத்த பிறகுதான் அந்த ஒரு குண்டு 'அதிர்ஷ்டக் குண்டு' ஆனது. நிறைய உணவு கையில் இருந்திருந்தால், அது இன்னொரு தீ விபத்து மட்டுமே.

குளச்சலில் இன்னொரு கதையும் வழிவழியாகச் சொல்வார்கள். மன்னர் படைக்கு ஆதரவாக மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நின்றார்களாம். தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்களுக்கு அது துப்பாக்கி ஏந்திய பெரும்படை போலத் தெரிந்ததாம். இது செவிவழிக் கதைதான். ஆனால் போரில் கடற்கரை மக்களின் பங்கை ஊர் மறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

தோற்றவருக்கு அடித்த யோகம்

சரணடைந்தவர்களில் ஒருவர் டிலனாய். சிறைப்பட்டவரை மார்த்தாண்ட வர்மா தன் படைக்கே பயிற்சியாளர் ஆக்கினார். ஐரோப்பிய முறையில் படையை மாற்றி அமைத்து, கோட்டைகளைப் பலப்படுத்தி, தளபதியாக உயர்ந்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-ல் இறக்கும் வரை திருவிதாங்கூரிலேயே இருந்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. கல்வெட்டில் லத்தீனும் தமிழும் சேர்ந்தே இருக்கும். அடுத்த முறை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் இதையும் பார்த்துட்டு வாங்க.

'எம்டன்': கப்பல் போச்சு, சொல் நின்னுச்சு

'அவன் சரியான எம்டன்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல் வந்தது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலில் இருந்து. முதல் உலகப் போரின் போது, 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கரையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டுவிட்டு, இருட்டில் மறைந்தது. எதிரிகளைக் குழப்ப, பொய்யாக ஒரு புகைபோக்கியை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி திரிந்த கில்லாடி அது.

அதன் அதிர்ஷ்டம் தீர்ந்தது 1914 நவம்பர் 9-ல். கோகோஸ் தீவில் இருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் ஆட்கள் இறங்கினார்கள். அதற்குள் நிலையத்தில் இருந்தவர்கள் 'அடையாளம் தெரியாத கப்பல் வந்திருக்கிறது' என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பல் தற்செயலாக அருகில்தான் போய்க்கொண்டிருந்தது. சில மணி நேரத்தில் வந்து எம்டனை முடித்து வைத்தது. ஒரு செய்தி சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

*செண்பகராமன் எம்டனில் இருந்தாரா?*

நாஞ்சில் நாட்டில் அடிக்கடி சொல்லப்படும் கதை இது. திருவனந்தபுரத்தில் 1891-ல் பிறந்த, நாஞ்சில் நாட்டு வேர் கொண்ட விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளைதான் எம்டனில் வந்தார் என்பார்கள். ஆனால் 1914-ல் அவர் ஐரோப்பாவில் இருந்தார். சூரிச்சில் இருந்து பெர்லினுக்குப் போய் இந்தியப் புரட்சியாளர்களோடு வேலை செய்தார். கப்பலில் அவர் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. 1934-ல் ஜெர்மனியில் இறந்தவரின் அஸ்தி, 1966-ல் இந்தியப் போர்க்கப்பலில் கொச்சிக்கு வந்து, கன்னியாகுமரியில் கரைக்கப்பட்டது.

மேகம் காப்பாற்றிய ஊர்

வானிலையும் போரும் சந்தித்த இடங்களில் உலகமே நினைவில் வைத்திருப்பது ககுரா. 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டு விழ வேண்டியது இந்த ஜப்பானிய நகரத்தில்தான். விமானம் மூன்று முறை சுற்றியும் மேகமும் புகையும் மறைத்ததால் இலக்கு தெரியவில்லை. விமானம் திரும்பியது நாகசாகிக்கு. ககுராவின் அதிர்ஷ்டம், நாகசாகியின் அழிவு. போரில் ஒருத்தருக்கு அடிக்கும் யோகம் பெரும்பாலும் இன்னொருத்தர் தலையில்தான் விடிகிறது.

நாய்க்கு முன்கூட்டியே தெரியுமா?

2004 சுனாமிக்குப் பிறகு அதிகம் பரவிய பேச்சு இது: 'விலங்குகளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு'. நாய் குரைத்தது, மாடு கயிற்றை அறுத்தது என்று நிறைய பேர் சொன்னார்கள். ஆனால் இலங்கையின் யால தேசியப் பூங்காவில், செயற்கைக்கோள் கழுத்துப்பட்டை மாட்டியிருந்த யானைகளின் நடமாட்டத்தை ஆய்வாளர்கள் பிறகு எடுத்துப் பார்த்தபோது, அவை முன்கூட்டியே தப்பி ஓடியதாகத் தெரியவில்லை. நாய் குரைப்பதை நம்பி ஊரைக் காலி செய்ய முடியாது என்பதுதான் இன்றைய அறிவியல் நிலை.

அப்போ நாயின் உண்மையான திறமை எது? மூக்கு. மனிதருக்கு வாசனை உணரும் ஏற்பிகள் சுமார் 60 லட்சம் என்றால், நாய்க்கு 30 கோடி வரை இருக்கும் என்கிறார்கள். அதற்கு ஒரு உதாரணம், மறக்க முடியாத உதாரணம், நம் பக்கத்திலேயே இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 6 இரவு. கொட்டும் மழையில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மலைச்சரிவு ஏற்பட்டு தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் புதைந்தன. 70 பேர் பலி. பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். ஒரு வாரத்துக்கும் மேல் தேடியும் கிடைக்காதவர்களில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. அந்த வீட்டில் வளர்ந்த நாய் குவி, ஆற்றோரமாக ஒரு இடத்தைவிட்டு நகராமல் நின்றது. மீட்புக் குழு அங்கே பார்த்தபோது குழந்தையின் உடல் கிடைத்தது. குவி பிறகு சில காலம் கேரள போலீஸின் பராமரிப்பில் இருந்து, கடைசியில் அந்தக் குடும்பத்தில் உயிர் பிழைத்த பாட்டியிடமே திரும்பிச் சேர்ந்தது.

குவிக்கு முன்கூட்டி எதுவும் தெரியவில்லை. தெரிந்த வாசனையைத் தேடுவதை மட்டும் அது நிறுத்தவே இல்லை.

*குட்டித் தகவல்:* குவி சாதாரண நாட்டு நாய். நம்ம ஊர் நாய்களில் ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலை வெளியானது. 2020 ஆகஸ்ட் 30 மனதின் குரல் உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைக் குறிப்பிட்ட பிரதமர் மோடி, உள்நாட்டு இனங்களை வளர்க்கச் சொன்னார்.

ஒக்கி: அதிர்ஷ்டம் கைவிட்ட நாள்

இப்போது மறுபடி குமரிக்கு. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் பொதுவாகப் புயல் உருவாகாது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை அங்கே பலவீனமாக இருப்பதே காரணம். கன்னியாகுமரி இருப்பது சுமார் 8 டிகிரி வடக்கில். அதனால் 'நம்ம பக்கம் புயல் வராது' என்ற நம்பிக்கை இங்கே பல தலைமுறையாக இருந்தது.

2017 நவம்பர் 29-ல் இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் நவம்பர் 30 காலையில் குமரிக் கடலில் அது புயலாகவே மாறிவிட்டது. பெயர் ஒக்கி. வங்கதேசம் வைத்த பெயர், வங்க மொழியில் 'கண்' என்று பொருள்.

பிரச்சினை என்னவென்றால், தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் பேர் போனவர்கள். ஒருமுறை போனால் திரும்ப வாரங்கள் ஆகும். எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தன. கைப்பேசி சிக்னல் கரையிலிருந்து சில கிலோமீட்டர் வரைதான். செய்தி போய்ச் சேரவில்லை.

காற்று இழுத்துக்கொண்டு போய் லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவின் தேவ்கட்டிலும் கரை சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து ஊர் 'கடவுள் காப்பாத்துனார்' என்றது. திரும்பாதவர்களின் வீடுகளில் வேறொரு துயரம். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சாதாரணமாக 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒக்கியில் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தித்தான் குடும்பங்களுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது.

பிறகு என்ன மாறியது?

2019-ல் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. கைப்பேசி சிக்னல் இல்லாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியாக வானிலை எச்சரிக்கை வரும். ஆனால் ஒரு குறை: கரையிலிருந்து செய்தி வரும், படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிமுகம் செய்த இரண்டாம் தலைமுறை ஆபத்து எச்சரிக்கைக் கருவியில், படகு உதவி கேட்கலாம், 'உங்க செய்தி வந்துடுச்சு' என்ற பதிலும் படகுக்குக் கிடைக்கும்.

1914-ல் ஒரு தந்திச் செய்தி எம்டனின் கதையை முடித்தது. 2017-ல் ஒரு செய்தி போய்ச் சேராததால் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்தது. பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்பது யார் கையிலும் இல்லை. கடலில் இருப்பவருக்குப் புயல் செய்தி போய்ச் சேருவது மட்டும் நிச்சயம் நம் கையில் இருக்கிறது.

கடலுக்குப் போறவங்க கவனத்துக்கு: புறப்படும் முன் வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்க. படகில் இருக்கும் கருவி வேலை செய்யுதான்னு கரையிலேயே சோதிச்சுக்கோங்க. யார் யார் போறோம், எப்போ திரும்புவோம் என்பதை வீட்டிலும் துறைமுகத்திலும் சொல்லிட்டுப் போங்க. அவசர உதவிக்கு இந்தியக் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்பு போலீஸ் எண் 1093.