தமிழ்ப் பேசும்படத்தின் முதற் கதாநாயகி

பம்பாயில் குடியேறிய தமிழர் ஒருவரிடம், தமிழ்ச் சினிமா முதன்முதலில் எங்கே வாய் திறந்து பேசிற்று என்று வினவினால், சென்னையில் என்றே பெரும்பாலும் விடை வரும். உண்மையில் அது பேசத் தொடங்கியது அவர் வாழும் பம்பாய் நகரிலேதான். 1931-ஆம் ஆண்டில் சென்னையில் ஒலிப்பதிவு செய்யத்தக்க ஸ்டுடியோ ஒன்றுகூட இல்லை. ஆகவே, தமிழ் பேச வேண்டியவர்கள் இரயிலேறி யந்திரம் இருந்த ஊருக்குச் சென்றார்கள். அவ்வாறு சென்றவர்களுள் முதலாக நினைக்கத்தக்கவர் டி. பி. ராஜலட்சுமி அம்மையார். முதல் தமிழ்ப் பேசும்படத்தின் கதாநாயகி என்று வினாவிடைப் புத்தகங்களில் ஒரு வரியாக அவர் பெயர் நிற்கிறது. அந்த ஒரு வரிக்குள் அடங்குகிற வாழ்க்கையன்று அவருடையது.

அவர் 1911-ஆம் ஆண்டில் திருவையாற்றில் பிறந்தார். பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-இல்தான் நிறைவேறியது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னதாகவே, சிறு பிராயத்தில் இவருக்கு மணமாகிவிட்டது. அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. தந்தையும் மறைந்தார். ஆதரவற்ற தாயும் மகளும் திருச்சிக்குச் சென்றார்கள். அங்கே சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் அச்சிறுமி சேர்ந்தார். ஆசாரம் மிகுந்த குடும்பத்துப் பெண் அரிதாரம் பூசி மேடையேறுவது அக்காலத்தில் ஊர் பொறுக்கும் காரியமன்று. பசி, ஊராரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க விடவில்லை என்றே நாம் கொள்ள வேண்டும்.

அந்நாளைய நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. இரவு முழுவதும் நடக்கும் நாடகத்தில், தரையில் அமர்ந்திருக்கும் கடைசி மனிதனுக்கும் சொல் விளங்கும்படி பாட வேண்டும். ‘பவளக்கொடி’, ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’ போன்ற நாடகங்களில் எதிரே நிற்பவர் புதிதாக ஓரடி பாடினால், அதற்கு ஏற்ற விடையை அக்கணமே பாட்டில் தொடுத்தாக வேண்டும். கிட்டப்பா போன்ற வித்துவான்களோடு மேடையில் நின்ற ராஜலட்சுமிக்கு இது பழகிப்போன வித்தை. மௌனப் படங்களிலும் அவர் நடித்தார். ஆயினும் மௌனப் படத்துக்கு முகம் மட்டுமே போதும். அவருடைய செல்வமோ குரலில் இருந்தது.

அந்தக் குரலுக்கு 1931-இல் வேலை வந்தது. மார்ச் 14-ஆம் நாள் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வெளியாயிற்று. அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியே எச். எம். ரெட்டியின் டைரக்ஷனில் ‘காளிதாஸ்’ படத்தையும் எடுத்தார். பின்னணிப் பாட்டு என்பதே இல்லாத காலம் அது. நடிப்பவரே காமிராவின் முன் நின்று பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் படத்தில் விழாதபடி மறைவில் இருந்து வாசிப்பார்கள். இருமல் ஒன்று எழுந்தாலும் அத்தனையும் வீணாகும். மேடையில் தேர்ந்தவர்களையன்றி வேறு எவரை நம்பி இவ்வேலையில் இறங்க முடியும்?

இளவரசியாக வந்த ராஜலட்சுமி தமிழில் பேசினார். காளிதாசனாக நடித்தவர் தெலுங்கில் மறுமொழி கூறினார். சிறு வேடங்களில் இந்தியும் ஒலித்தது. தமிழர் அதற்காகக் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வகைச் சம்பாஷணை அன்றாட அனுபவமாதலின், நாமும் குறை சொல்வதற்கில்லை! பழங்காலத்து இளவரசி 1847-இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையைப் பாடினாள். இராட்டையைப் போற்றும் தேசியப் பாட்டும் படத்தில் இடம்பெற்றது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஓராண்டே ஆகியிருந்தது. மேடைக் கவிஞரான மதுரகவி பாஸ்கரதாஸ் பாட்டுகளை இயற்றியிருந்தார். கதைக்குப் பொருந்துமா என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் படம் வெளியாயிற்று. படச்சுருள் பெட்டிகளுக்குத் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மலர் தூவி வரவேற்றனர் என்று கூறுவர்.

அடுத்த பெருவெற்றி கல்கத்தாவில் உருவாயிற்று. கோயமுத்தூரின் சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தா பயனியர் பிலிம் கம்பெனியுடன் சேர்ந்து 1933-இல் ‘வள்ளி திருமணம்’ படத்தை அளித்தார். தினைப்புனம் காத்த வள்ளி, வங்காளத்து ஸ்டுடியோவில் ஆலோலம் பாடினாள். மறு ஆண்டில்தான் ஏ. நாராயணன் சென்னையில் ஒலிப்பதிவு ஸ்டுடியோ அமைத்தார். அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவர் மனைவி மீனா என்பதையும் சொல்லாமல் விடலாகாது.

புகழ் உச்சியில் இருந்த நடிகை வேறொரு துணிவு கொண்டார். ‘கமலவல்லி’ என்று தாமே எழுதிய நாவலை, ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்னும் சொந்தக் கம்பெனியின் பெயரால் 1936-இல் ‘மிஸ் கமலா’ என்று படமாக்கினார். கதையும் அவருடையது, டைரக்ஷனும் அவருடையது, கதாநாயகியும் அவரே. பம்பாயில் பாத்மா பேகம் 1926-இலேயே படம் டைரக்ட் செய்திருந்தார். தென்னாட்டில் அத்துறைக்கு வந்த முதற் பெண் ராஜலட்சுமியே. புராணமே விலைபோன காலத்தில், பெண்ணின் காதலையும் அவள் மனத்துக்கு மாறான மணத்தையும் பொருளாகக் கொண்டார். தம்மைக் கேளாமலே மணம் முடித்து வைக்கப்பட்ட ஒருவர் இக்கதையைத் தேர்ந்தது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. பின்னர் ‘மதுரை வீரன்’ கதையையும் டைரக்ட் செய்தார். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படம் வேறு.

இதற்கிடையே தொழில் முறை மாறிற்று. 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் வழக்கம் தமிழில் தொடங்கியது. இனி நடிகைக்குச் சாரீரம் வேண்டியதில்லை. ‘சினிமா ராணி’ என்று பட்டம் பெற்றவர் நாற்பதுகளில் மெல்ல ஒதுங்கினார்.

பழம்படங்களைக் காப்பதற்கென்று தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் பூனாவில் நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே ராஜலட்சுமி அம்மையார் காலமானார். ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ இரண்டுக்கும் பிரதி இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் பல எரிந்தன. பல, வெள்ளிக்காக உருக்கப்பட்டன. ‘காளிதாஸ்’ படத்தின் பாட்டுப் புத்தகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதில் பாட்டின் அடிகளைப் படிக்கலாம். பம்பாயில் அவர் அவற்றைப் பாடிய குரலைக் கேட்பதற்கில்லை.