கழிவுநீரும் நகர வரலாறும்: கிழக்குக் கல்கத்தா ஈரநிலங்கள்

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் கோட்டைகளையும் வணிகத்தையும் விரித்துரைப்பர். அந்நகரங்கள் தம் கழிவை எங்கே ஒழித்தன என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. 2001ஆம் ஆண்டில் கொல்கத்தா எனப் பெயர் மாற்றம் பெற்ற கல்கத்தா நகரின் வரலாறோ அக்கழிவை விடுத்து முழுமை பெறாது.

கல்கத்தா ஹூக்ளி நதியின் கரையில் எழுந்த நகரமாயினும், அதன் நிலச்சரிவு நதியை நோக்கியன்றிக் கிழக்கேயுள்ள உவர்நீர்ச் சதுப்புக்களை நோக்கியே அமைந்துள்ளது. எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய ஆட்சியாளர் அமைத்த வடிகால்கள் நகரக் கழிவைக் கிழக்கே பித்யாதரி ஆற்றிற் சேர்த்தன. காலப்போக்கில் அவ்வாறு வண்டல் படிந்து தூர்ந்தது. 1928இல் அது இறந்த ஆறு என அறிவிக்கப்பட்டது. பின்னர் மாநகரசபைப் பொறியியலாளர் பி. என். தே வகுத்த திட்டத்தின்படி, மேலும் கிழக்கேயுள்ள குல்தி ஆறுவரை கால்வாய்கள் வெட்டப்பட்டன.

ஆற்றின் அழிவால் கடல்நீர் வரவு குன்றியது. உவர்நீர் மீன்வளமும் நலிந்தது. இந்நெருக்கடியே புதியதொரு முயற்சிக்கு வித்திட்டது. 1930ஆம் ஆண்டையொட்டி, நகரக் கழிவுநீரைக் குளங்களுட் பாய்ச்சி நன்னீர் மீன் வளர்க்கும் முறை அங்கு தோன்றியது. ஆட்சியாளரின் திட்டம் கழிவை அகற்றுவதோடு நின்றது. அதனை வளமாக மாற்றியது மீன் வளர்ப்போரின் அனுபவ அறிவேயாகும்.

‘பேரி’ என வழங்கும் இக்குளங்கள் ஆழங்குறைந்தவை. குளிர்காலத்தில் நீரை வடித்து அடித்தரையை வெயிலிற் காயவிடுவர். பின்னர் கழிவுநீரைப் பாய்ச்சிச் சில வாரங்கள் தேக்கிவைப்பர். பற்றீரியாக்கள் சேதனப் பொருளைச் சிதைக்க, சூரிய ஒளியில் அல்காக்கள் பெருகி ஒட்சிசனை வெளிவிடுகின்றன. அவ்வல்காக்களை ரோகு, கட்லா முதலிய மீன்கள் உண்கின்றன. கரையோரத்தில் வளர்க்கப்படும் ஆகாயத்தாமரை அலைகளினின்றும் அணையைக் காப்பதுடன், பார உலோகங்களையும் உறிஞ்சுகின்றது. குளத்தை விட்டு வெளியேறும் நீர் நெல்வயல்களுக்குப் பாய்கின்றது. பெருஞ்செலவில் இயந்திர நிலையங்கள் ஆற்றவேண்டிய பணியை வெயிலும் மீனும் மனித உழைப்புமே இங்கு ஆற்றுகின்றன. கொக்கும் நீர்க்காகமும் இங்கு இரை தேடுகின்றன; 1965இல் தனியினமாக விவரிக்கப்பட்ட சதுப்புநிலக் கீரியும் இப்பகுதிக்குரியதே.

ஆயினும், நகரம் தன்னைக் காத்த நிலத்தைக் காக்க முற்பட்டதெனக் கூறுவதற்கில்லை. 1947இன் பிரிவினைக்குப் பின்னர் பெருகிய குடித்தொகைக்கு இடந்தேடிய அரசு, 1962 முதல் ஹூக்ளி நதியின் மணலைக் குழாய்களாற் கொணர்ந்து, சதுப்பின் வடபகுதியை நிரப்பிப் புதுநகர் ஒன்றை எழுப்பியது. வீடற்றோரின் தேவை மெய்யானதே. ஆனால், நிரப்பப்பட்ட ஒவ்வொரு குளத்துடனும் மீனவரின் தொழிலும் நகரின் வடிகாலும் ஒருங்கே சுருங்கின என்பது மனங்கொள்ளத்தக்கது.

1980களில் அரசாங்கப் பொறியியலாளரான துருபஜோதி கோஷ் இக்குளங்களிடையே நடந்து, அங்குள்ளோரிடமே பாடங் கேட்டு, அவர்தம் அறிவை உலகறியச் செய்தார். 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்குத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டயர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. இவற்றின் பின்னரும் சட்டவிரோத நிரப்பல் முற்றாக ஒழிந்திலது.

சட்டம் நிலத்தின் எல்லையை வரையறுக்கலாம். ஆனால் அணை கட்டி, நீரின் நிறம்பார்த்து மதகு திறக்கும் உழைப்பாளி அகன்றால் அந்நிலம் வெறுஞ் சேற்றுக் குட்டையாகிவிடும். ஆகவே, கிழக்குக் கல்கத்தா ஈரநிலங்களைக் காப்பதென்பது நீரையும் பறவையையும் மாத்திரமன்றி, அவற்றை உருவாக்கிய மக்களின் வாழ்வுரிமையையும் காப்பதேயாகும்.